நான் சொன்னதுதான் அர்த்தம்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவருடைய பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து ஆசிரியர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘கட்டம்’. “கட்டம் வந்தாச்சா”, “இதைக் கட்டத்துக்கிட்ட காட்டு” என்றுதான் பேச்சு. பிழை திருத்துவது அவர் வேலை. ஆனால் மனுஷன் உயிரை வைத்திருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வருகிற குறுக்கெழுத்துப் புதிரில். புதிரைப் போடுகிறவர் வேறொருவர், எங்கிருந்தோ தபாலில் அனுப்புகிற ஓய்வுபெற்ற பொறியாளர். வருகிற புதிரை முதல் ஆளாக அவிழ்த்துப் பார்ப்பதும், ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்று அடுத்த வாரம் வாசகர்களுக்கு விளக்கம் எழுதுவதும் கட்டத்தின் பொறுப்பு.

இது தலைநகரம் எது, நதி எது என்று கேட்கிற சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. குறிப்பு ஒரு பக்கம் கையைக் காட்டும், விடை இன்னொரு பக்கம் ஒளிந்துகொண்டிருக்கும். ‘வந்த வறுமைக்குள் இருக்கும் பிழை, மூன்றெழுத்து’ என்று ஒருமுறை ஒரு குறிப்பு வந்தது. படித்தவர்களில் பாதிப் பேர் உலக நிலைமையை நினைத்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். கட்டம் விளக்கம் எழுதினார்: இரண்டு சொற்களையும் ஒட்டிப் படியுங்கள். முதல் சொல்லின் கடைசி எழுத்து ‘த’. அடுத்த சொல்லின் முதல் இரண்டெழுத்து ‘வறு’. சேர்த்தால் தவறு. பிழை என்றாலும் அதுதான். வறுமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆக, குறிப்பு வெளியே என்ன சொல்கிறதோ அதை நம்பக் கூடாது. இதுதான் இந்த வேலையின் முதல் பாடம். இருபத்தெட்டு வருஷமாக அதையே செய்து செய்து மனுஷனுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் “வேலைக்குக் கிளம்பிட்டீங்களா” என்று கேட்டால், அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் யோசித்துக்கொண்டே போவார். ஆசிரியர் “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. எதில் குறை கண்டாரோ என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார்.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். துணி இடுப்பில் பிடிக்கிறது என்றால் இடுப்பில் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதற்குள்ளே போய் என்ன தேட வேண்டியிருக்கிறது என்பாள். புதிர் என்றாலே கொட்டாவி விடுவாள். ஆனாலும் கட்டத்தின் விளக்கம் ஒன்றுகூட அவளைத் தாண்டி அச்சுக்குப் போனதில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் பென்சிலால் எழுதி, மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். அவள் “சரி” என்றால் பேனாவால் எழுதுவார். “புரியல” என்றால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். கட்டத்தின் விளக்கம் சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும் என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். அந்தப் பெருமையில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது. அவர் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

குழந்தை இல்லை. அவளுக்கென்று இருந்தது ஒரு தங்கை. அரை நாள் பயண தூரத்தில், ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவள். முன்பெல்லாம் மாசத்துக்கு ஒருமுறை வந்துவிடுவாள். வந்தால் அக்காவும் தங்கையும் பேசுகிற பேச்சில் மெஷின் சத்தமே கேட்காது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தங்கை, “அக்கா ரொம்ப இளைச்சுட்டா மாமா” என்று சொன்னாள். சொன்னது அவ்வளவுதான். கட்டம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று அர்த்தம் கண்டுபிடித்தார். நீ சரியாகச் சோறு போடவில்லை என்பது ஒன்று. அவள் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பது இரண்டு. உனக்குக் கட்டிக்கொடுத்ததே தப்பு என்பது மூன்று. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னார். கடைசியில், இனிமேல் இந்த வாசல்படியை மிதிக்காதே என்றும் சொன்னார். அவள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டு போனாள். அக்காவோடு போனில் மட்டும் பேச்சு. “மாமா கூப்பிட்டா வரேன். அவர் வாயால வரக் கூடாதுன்னாரு, அவர் வாயாலதான் வான்னு சொல்லணும்” என்று அவளும் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் மனைவிக்கு வயிற்று வலி வந்தது. முதலில் மாத்திரை, அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. புற்றுநோய். எட்டு மாசம் ஓடிற்று. எட்டாவது மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டாக்டர் கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். நடுவயசுக்காரி, வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“கல்லீரலுக்குப் பரவிடுச்சு. இனி இந்த மருந்து கேக்காது. வேற மருந்தும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார். வலி தெரியாம பாத்துக்கலாம், அதுக்கு நர்ஸ் வருவாங்க. யாரையாவது பாக்கணும்னு இருந்தா சீக்கிரம் வரச்சொல்லுங்க.”

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்? அவர் மனைவி தலையை ஆட்டினாள். “எவ்வளவு நாள்மா?” என்று கேட்டாள்.

“மூணு வாரம். நாலு இருக்கலாம்.”

வெளியே மருந்து வாங்குகிற வரிசையில் நிற்கும்போது, கட்டம் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் டாக்டர் சொன்னதை ஒவ்வொரு வரியாக எழுதினார். எழுதி, பக்கத்திலேயே விளக்கமும் எழுதினார். ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’: ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டிய நிலைமை இல்லை. ‘வேற மருந்தும் இல்ல’: இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. ‘வலி தெரியாம பாத்துக்கலாம்’: வலி போய்விடும். வலி போனால் நோய் எங்கே இருக்கிறது? ‘மூணு வாரம், நாலு இருக்கலாம்’ என்பதற்கு மட்டும் அவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வெள்ளையாக விட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ குறிப்பு முதல் நாள் பிடிபடாமல் மூன்றாம் நாள் பிடிபட்டிருக்கிறது.

வியாழக்கிழமை, அவளிடம் சொல்லாமல், மறுபடி அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தார். சீட்டை மேஜைமேல் வைத்தார்.

“ஒரே ஒரு சந்தேகம்மா. மூணு வாரம்னு சொன்னீங்களே, அது எதைக் கணக்குப் பண்ணிச் சொன்னது? அடுத்த பரிசோதனைக்கா?”

டாக்டர் சீட்டை வாங்கி முழுக்கப் படித்தாள். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

“சார், இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. நான் சொன்னதுக்கு அர்த்தம் நான் சொன்னதுதான். அவங்க இறந்துபோயிடுவாங்க. நான் வேற எப்படிச் சொல்லட்டும்?”

“நீங்க உங்க கடமைக்குச் சொல்றீங்க. பின்னாடி யாரும் கேள்வி கேட்டுடக் கூடாதுன்னு முன்ஜாக்கிரதையா சொல்றது. எனக்குப் புரியுது” என்றார் கட்டம். அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி வேறு சொன்னார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்தார். படித்த மனுஷன். எழுத்து எழுத்தாகப் பார்த்தே வயிறு வளர்த்தவன். கண்ணெதிரே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாலும் படிக்க மாட்டேன் என்கிறவனை யார் என்ன செய்ய முடியும்?

அந்தச் சனிக்கிழமை மெஷினுக்கு உறை போட்டிருந்தது. அவள் ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். கட்டம் வழக்கம்போல நாற்காலியைப் போட்டு, காகிதத்தை எடுத்தார்.

“வேண்டாம்னா விட்டுடலாம்” என்றார்.

“படிங்க. நான் சும்மாதானே படுத்திருக்கேன்.”

“மருந்தின் ஓரங்கள் போதை தரும். ரெண்டெழுத்து. மருந்துங்கற சொல்லுல முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் எடுத்துக்கணும். ம, து. மது.”

“சரி.”

“தலை போனாலும் மீன் பிடிக்கும் வருத்தம். மூணெழுத்து. கவலை. அதுல தலை எழுத்தை எடுத்துட்டா வலை.”

“பரவாயில்லையே” என்று அவள் சிரித்தாள். “சரி.”

“கடைசி போனால் வீடு மட்டும், இருந்தால் துணை. மூணெழுத்து. மனைவி. கடைசி எழுத்தை எடுத்துட்டா மனை. மனைன்னா வீடு.”

அவர் அதைக் கடகடவென்று படித்துவிட்டு அவள் ‘சரி’க்காகப் பென்சிலைப் பேனாவாக மாற்றிக்கொண்டு காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. ஏதோ புரியவில்லை போலிருக்கிறது என்று அவர் மறுபடி படிக்கப் போனார். சத்தியமாக, அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

“புரிஞ்சுது” என்றாள் அவள். “இப்ப நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க.”

“நீயா?” அவருக்கு ஒரே சந்தோஷம். முப்பது வருஷத்தில் அவள் ஒரு குறிப்புச் சொன்னதில்லை. காகிதத்தைத் திருப்பிப் பிடித்தார்.

“டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. இது குறிப்பு. நான் போயிடுவேன். இது விடை. எழுதினீங்களா?”

அவர் எழுதவில்லை.

“விளக்கம் ஒண்ணும் கிடையாது. நேரா இருக்கு. என் தங்கச்சியைக் கூப்பிடுங்க.”

“ஏன் இப்படிப் பேசற? டாக்டர்கிட்ட நான் தனியா போய்க் கேட்டேன் தெரியுமா...”

“நான் பேசினா அவ வரமாட்டேங்கறா. உடம்பு இப்படின்னு சொன்னேன். அழுதா. அழுதுட்டு, மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த வண்டியில வரேங்கறா. ஒரே ஒரு வார்த்தைங்க. அவளை ஒருதரம் பாத்துட்டா எனக்குப் போதும். வேற ஒண்ணும் உங்ககிட்ட கேக்கல.”

“கூப்பிடலாம். நான் மாட்டேன்னு சொன்னேனா? நீ கொஞ்சம் எழுந்து நட. ரெண்டு பேருமா அவ வீட்டுக்கே போகலாம். நானே அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன், போதுமா?”

“சரி” என்றாள் அவள். வாக்குவாதம் பண்ண அவளுக்கு மூச்சு இல்லை, அவ்வளவுதான். கட்டம் அந்த ‘சரி’யை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு, மனைவி என்ற விடைக்குரிய விளக்கத்தைப் பேனாவால் எழுதி முடித்தார்.

அடுத்த வாரம் நர்ஸ் வர ஆரம்பித்தாள். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். கஞ்சி வைத்தார், படுக்கை மாற்றினார், முதுகில் பவுடர் போட்டார், கால் பிடித்துவிட்டார். பார்த்துக்கொள்வதில் ஒரு குறை சொல்ல முடியாது. நர்ஸே சொன்னாள், இப்படி ஒரு வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை என்று. போனை மட்டும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் சமையலறைக்குப் போய் மச்சினியின் எண்ணைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். விரல் அதற்கு மேல் போகாது. அதை அழுத்திவிட்டால், டாக்டர் சொன்னதைத் தன் கையாலேயே பேனாவால் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடுப்பில் பால் பொங்கும்வரை அப்படியே நின்றுவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்புவார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை மத்தியானம் அவள் கண்ணைத் திறந்து கேட்டாள்.

“கூப்பிட்டீங்களா?”

அந்தக் குரலுக்கு முன்னால் அவருக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. “கூப்பிட்டேன்” என்றார்.

“என்ன சொன்னா?”

“வரேன்னா. வண்டி ஏறிட்டேன்னா.”

அவள் முகம் அப்படி மலர்ந்ததை அவர் பார்த்துப் பல மாசம் ஆகியிருந்தது. கோபம் போயிடுச்சா அவளுக்கு என்று கேட்டாள். போயிடுச்சு என்றார். தலையை வாரிவிடச் சொன்னாள். பீரோவிலிருந்து வெளுத்த போர்வையை எடுத்துத் தங்கைக்காகத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கை போடச் சொன்னாள். தெருக்கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். பொய்யைச் சொல்லியாகிவிட்டது, இனி உண்மையாக்கிவிட்டால் போகிறது என்று நினைத்துத்தான் செய்தார். சமையலறைக்குப் போனார். போனை எடுத்தார். எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார்.

திங்கள் சாயங்காலம் வரைக்கும் அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்குவாள். செவ்வாய்க்கிழமை வலி ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்றாள்.

“ஊசி போட்டா தூங்கிடுவேன். அவ வர்ற நேரத்துல நான் தூங்கிட்டு இருப்பேன்” என்று நர்ஸிடம் சொன்னாள்.

“வலிக்குமேம்மா.”

“வலிக்கட்டும்.”

வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அவர் கையை நெரித்த நெரிப்பில் விரல்கள் வெளுத்தன. அப்போதும் அந்த மனுஷன் எழுந்து போய் அந்த ஒரு போனைப் போடவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

“வண்டி தாமதமா?” என்று ஒருமுறை கேட்டாள்.

“ஆமா. வழியில ஏதோ ரிப்பேராம்.”

“பாவம், பசியோட வருவா. சோறு எடுத்து வைங்க” என்றாள். அவள் அவரிடம் தெளிவாகப் பேசின கடைசிப் பேச்சு அதுதான். பொழுது சாயும்போது முனக ஆரம்பித்தாள். நர்ஸ் யாரையும் கேட்காமல் ஊசியைப் போட்டாள்.

புதன்கிழமை காலை அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் இப்பவே சொல்லிடுங்க சார் என்றாள். கட்டம் அங்கேயே, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள் தங்கை.

“நான்தாம்மா மாமா” என்றார். “வாம்மா.”

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். வேலை செய்துகொண்டிருந்த புடவையோடு, முந்தானையில் மசாலாக் கறையோடு வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட மறந்து நேராகக் கட்டிலுக்குப் போய், “அக்கா” என்றாள். அக்காவின் கன்னத்தைத் தட்டினாள். தோளைப் பிடித்து மெல்ல அசைத்தாள். அப்புறம் தரையில் விரித்திருந்த படுக்கையையும், மூடி வைத்திருந்த சோற்றுத் தட்டையும் பார்த்தாள்.

“இது யாருக்கு மாமா?”

“உனக்குத்தான். அவ எடுத்து வைக்கச் சொன்னா.”

“இன்னிக்குக் காலையிலயா? பேசினாளா?”

“இல்லம்மா. முந்தாநாள் படுக்கை போடச் சொன்னா. நேத்து சோறு எடுத்து வைக்கச் சொன்னா.”

“முந்தாநாளே நான் வருவேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன். கூப்பிட்டேன்னும் சொன்னேன், நீ வண்டி ஏறிட்டேன்னும் சொன்னேன். கூப்பிடல.”

“ரெண்டு நாளா பாத்துட்டிருந்தாளா?”

“ஊசிகூட போட்டுக்கல. நீ வர்றப்ப தூங்கிடக் கூடாதுன்னு.”

தங்கை அவரைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தாலும் தகும் என்றே நின்றார். அவள் சத்தமே போடவில்லை.

“அப்படி என்ன மாமா என்மேல?”

“உன்மேல ஒண்ணும் இல்லம்மா. உனக்காகத்தான் உசுரைப் பிடிச்சுட்டு இருந்தா. நீ வந்துட்டா போயிடுவான்னு நினைச்சேன். நீ வராதவரைக்கும் இருப்பான்னு...”

“நான் வந்தது தெரியாமலேதானே மாமா போறா” என்றாள் அவள்.

அவள் கட்டிலில் ஏறி, அக்காவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காதோரம் குனிந்து, “அக்கா, வந்துட்டேன். நான் வந்துட்டேன்” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னாள். அன்றைக்கு முழுக்கவும், மறுநாள் மத்தியானம் மூச்சு நின்ற பிறகும், அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டம் ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைக்கும் பதில் வரவில்லை.